ராக் பேண்டில் வாசிக்கிறவர்கள் எங்கே இசை படித்தார்கள்? (நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம்)

முட்டத்து_பேஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்டு நடத்துகிறோம். விளம்பரத்துக்காக இந்த இழையைத் தொடங்கவில்லை, அதனால் பேண்டு பேரைச் சொல்லப் போவதில்லை. ஒரு காலேஜ் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், மேடையில் அறிவிக்க உறுப்பினர்களின் இசைப் பின்னணியை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதுவதற்குள் அறிவிப்பாளர் பையனே ஒரு வரி எழுதி வைத்துவிட்டான்: "தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து ராக் மேடைக்கு வந்த இளைஞர்கள்". குமரி மாவட்டத்துக்காரன் கையில் கிட்டாரைப் பார்த்தால் எல்லாருக்கும் இதே வரிதான் வரும் போல. எங்களில் சர்ச்சில் படித்தவர்கள் நானும் கிட்டாரிஸ்ட்டும் மட்டும். டிரம்மர் சிங்காரி மேளம் (செண்டை அடித்து ஆடுகிற கேரளத்து மேளம்), கீபோர்டு மெல்லிசைக் குழு, பாடகர் தக்கலை, அவர் கதை தனி.

என் கதையை முதலில் சொல்கிறேன். கடற்கரை ஊர், பங்குக் கோயில் பாடகர் குழு. எனக்கு முன்னாடியே ஒரு அண்ணன் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார், அவரை எழுப்ப முடியாது, அதனால் மாஸ்டர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து "நீ இடது கை மட்டும் போடு" என்றார். பத்து நாள் திருவிழா, தினமும் நவநாள், திருப்பலி, அப்புறம் ஆசீர், எல்லாவற்றுக்கும் நான் கீழே இருக்கிற சுரத்தை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பேன். பாட்டு எங்கே திரும்பப் போகிறது என்று மற்றவர்களுக்கு அரை நொடி முன்னாடி தெரிந்திருக்க வேண்டிய வேலை அது. பின்னாடி நான்கு கம்பி பேஸ் கிட்டார் கைக்கு வந்தபோது விரல்தான் புதிதாகப் பழக வேண்டியிருந்தது, காது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

நம்ம பக்கத்துப் பேண்டுகளில் வாசிக்கிற மற்றவர்கள் எங்கே படித்தீர்கள்? தானாகக் கற்றேன் என்று ஒரு வரியில் முடிக்காமல் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சோல்பா:

தம்பி, அந்தப் பையன் எழுதினதில் தப்பு என்ன இருக்கிறது? 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிப் பக்கம் வந்ததிலிருந்து எண்ணிப் பார். அவருக்குப் பிறகு மீட் என்கிற மிஷனரி வந்து நாகர்கோவிலில் பள்ளிக்கூடம், அச்சகம் எல்லாம் வந்தது, கூடவே பாட்டும் வந்தது. ஊரில் ரேடியோ வருவதற்கு வெகுகாலம் முன்னாடியே நம்ம சபைகளில் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரல் பிரித்துப் பாடியிருக்கிறார்கள். என் தாத்தா பனையேறுகிறவர். ஸ்டாஃப் நொட்டேஷன் அவருக்குத் தெரியாது, ஆனால் டோனிக் சோல்பா தெரியும், டோ ரே மி எழுத்துகளைப் பார்த்துப் பாமாலைப் புத்தகத்தில் எந்தப் பாட்டுக்கும் டெனர் பாடுவார். கீர்த்தனை என்று வந்தால் அதே மனுஷர் ராகம் தாளத்தோடு பாடுவார். இரண்டும் ஒரே ஆராதனையில் நடக்கும்.

சால்வேஷன் ஆர்மிக்காரர்களின் பித்தளை வாத்தியக் குழுவையும் விடாதே. கார்னெட், யூஃபோனியம் ஊதிப் பழகினவனுக்கு எந்தச் சுரத்துக்கு எந்தச் சுரம் சேரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்று ஒரு அம்மா, 1915இல் பிறந்தவர், எலக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நற்செய்திப் பாட்டு பாடினார். ராக் அண்ட் ரோல் என்ற பேர் பரவுவதற்கு முன்னாடியே அவர் கையில் அந்தச் சத்தம் இருந்தது. 2018இல்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், செத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. ஆக ராக்குக்கு அம்மா வீடே சர்ச்தான்.

குழித்துறை_கோல்:

சோல்பா சார், மரியாதையோடு சொல்கிறேன், நான் இந்தப் பேண்டின் டிரம்மர், என்னை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் படித்தது செண்டை. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் எந்த உற்சவம் என்றாலும் சிங்காரி மேளம் இருக்கும். இப்போது சர்ச் திருவிழாவுக்கும் அதையேதான் கூப்பிடுகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

ஆசான் எங்களிடம் செண்டையைத் தரவே இல்லை. முதலில் கல். கருங்கல் பலகையில் கனமான புளியங்கட்டையால் அடிக்க வேண்டும். மணிக்கட்டு உருள வேண்டும், தோள் அசையக் கூடாது. அந்தக் கனத்தை ஒவ்வொரு தடவையும் நாமே தூக்க வேண்டும், கை வெந்துபோகும். அதற்குப் பிறகு டிரம்ஸில் ஸ்னேரில் உருட்டல் போட்டபோது கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. யூடியூபில் சிங்கிள் ஸ்ட்ரோக் ரோல் என்று வெள்ளைக்காரன் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை நான் பார்த்ததே இல்லை, தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது கால். செண்டையில் காலுக்கு வேலை கிடையாது, நின்று கொண்டோ ஆடிக்கொண்டோ அடிப்போம். வலது கால் கிக் என்கிற பெரிய டிரம், இடது கால் ஹைஹாட் என்கிற ஜோடித் தட்டு என்று வந்ததும் சின்னப் பிள்ளை நடக்கப் பழகுகிற கதைதான். இன்றைக்கும் டபுள் பெடல் எனக்கு ஆகாது, பேஸ்காரனைக் கேளுங்கள், சொல்வான்.

அப்புறம் வேகம். மேளம் என்றால் ஏறும். செண்டை மேளத்தில் பஞ்சாரி என்கிற வகையை எடுங்கள், முதல் காலம் 96 அட்சரம், அடுத்தது 48, 24, 12, கடைசியில் 6. சுற்று சுருங்கிக்கொண்டே போகும், வேகம் ஏறிக்கொண்டே போகும், கூட்டம் கையைத் தூக்கும். சிங்காரியில் கணக்கு அவ்வளவு கட்டாயம் இல்லை என்றாலும் ஏறுகிற குணம் அதேதான். ராக் பாட்டில் வேகம் நிமிஷத்துக்கு 120 அடி என்று வைத்தால் முடியும்வரை 120. நம்ம கிட்டாரிஸ்ட் காதில் தாளம் காட்டுகிற கிளிக் ஓடும், நான் மூன்றாவது நிமிஷத்தில் அவனைத் தாண்டிப் போயிருப்பேன். அவன் முறைப்பான். மக்கா, கூட்டம் ஆடுகிறதா இல்லையா, அதைப் பார்!

வெளியூர்_காது:

சென்னையிலிருந்து படிக்கிறேன், செம இழை. அப்படியென்றால் மேடையில் செண்டையும் வைத்துக்கொண்டு ஃபியூஷன் பண்ணுகிறீர்களா? கேரளத்து ராக் பேண்டுகள் அவியல், மதர்ஜேன் மாதிரியா?

முட்டத்து_பேஸ்:

செண்டை கிடையாது அண்ணே. சாதாரண டிரம் செட், ஒரு கிட்டார், பேஸ், கீபோர்டு, பாட்டு. ஃபியூஷன் என்று யாராவது போஸ்டரில் போட்டால் டிரம்மர் கிழித்துவிடுவான். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம், சென்னைக்கு ஒரு ராத்திரி. அதனால் நாங்கள் மேடையில் நேரில் பார்த்து வளர்ந்தது மலையாளத்துப் பேண்டுகளைத்தான். மதர்ஜேனில் பைஜு தர்மஜன் கிட்டாரில் கமகம் போடுவதைக் கேட்டு எங்கள் கிட்டாரிஸ்ட் பைத்தியமாக அலைந்தான். ஆனால் அவனுக்கு அது வரவே வராது. ஏன் என்று சொல்கிறேன்.

அவன் படித்தது கிளாசிக்கல் கிட்டார், லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்துகிற கிரேடு தேர்வுகள். காலுக்கடியில் சின்ன ஸ்டூல், வலது கையில் நகம் வளர்த்து, தாளைப் பார்த்து வாசிக்கிற படிப்பு. நைலான் கம்பியை யாரும் இழுத்து வளைப்பதில்லை, சுரம் எழுதின இடத்தில் இருக்க வேண்டும். எலக்ட்ரிக் எடுத்ததும் நகத்தை வெட்டி, கம்பியை மீட்டுகிற பிளெக்ட்ரம் வில்லையைப் பிடித்தான், அதற்கே வெகுகாலம் திட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கும் அவன் சோலோவை முன்கூட்டியே எழுதி வைத்துத்தான் வாசிப்பான், ஒரு சுரம் மாறாது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று, ஒத்திகைக்கு வரும்போதே ஒவ்வொருவருக்கும் என்ன வேலை என்று தாளில் கொண்டுவருகிற ஒரே ஆள் அவன்தான். அவன் இல்லையென்றால் நாங்கள் நான்கு பேரும் டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்போம்.

கீபோர்டுக்காரர் நேர் எதிர். எங்களில் மூத்தவர், இன்றும் கல்யாண வீடு, கோயில் கொடை, குருசடித் திருவிழா என்று மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர். தாள் வேண்டாம், பாட்டுப் பேர் சொன்னால் போதும். பாடகர் தொண்டை கட்டியிருக்கிறது என்று கண்ணைக் காட்டினால் சுருதி மாற்றுகிற டிரான்ஸ்போஸ் பட்டனில் அரைக் கட்டை இறக்கிவிட்டு அதே விரலில் வாசித்துக்கொண்டே போவார், நாங்கள் மட்டும் முழிப்போம். புல்லாங்குழல், வயலின், ஷெனாய், கோரஸ் என்று ஒரு பாட்டில் வருகிற எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் போட்டுப் பழகின கை. அதுதான் சிக்கல். ராக்கில் சில இடத்தில் எல்லாரும் நிறுத்தி அரைச் சுற்றுத் தாளம் சத்தமே இல்லாமல் வர வேண்டும், அப்போதுதான் அடுத்து விழுகிற அடி விழும். அவருக்கு வெறும் இடத்தைப் பார்த்தால் பொறுக்காது, உடனே ஒரு ஃபில் போட்டு நிரப்பிவிடுவார். "அண்ணே, கையை எடுங்க" என்பதுதான் எங்கள் ஒத்திகையில் அதிகம் கேட்கிற வசனம்.

கொடைக்காரன்:

எல்லாரும் சர்ச், செண்டை, ட்ரினிட்டி என்று போய்க்கொண்டிருக்கிறீர்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் ஒருத்தனும் இல்லையா? வில்லுப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து போனவர். கிருஷ்ணன்கோயிலில் பிறந்த கே.வி. மகாதேவன்தான் சிறந்த இசையமைப்பாளருக்கான முதல் தேசிய விருதை வாங்கினவர். வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் கீர்த்தனைகளை இன்றும் கச்சேரியில் பாடுகிறார்கள். இந்த ஊரின் இசையைப் பற்றி எழுத வெள்ளைக்காரன் கப்பலிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

வில்லுப்பாட்டு மேடையைப் பார்த்திருக்கிறீர்களா, அதாவது உட்கார்ந்து முழு ராத்திரி? நடுவில் புலவர், முன்னால் மணி கட்டின பெரிய வில், கையில் வீசுகோல். பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை. குடத்தின் வாயில் அடிக்கும்போது வருகிற 'பும்' இருக்கிறதே, பேஸ் தம்பி, உன் ஆம்ப் அதற்குக் கிட்டே வராது. புலவர் ஒரு வரி பாடுவார், இடப்பக்கம் இருக்கிறவர் வாங்கித் திருப்பிப் பாடுவார், 'ஆமா' போடுவார். கதை சூடேற ஏற அடி நெருங்கும். நடுச்சாமத்தில் சாமி வருகிற இடத்தில் பாட்டை நிறுத்த முடியாது, ஆடுகிறவர் இறங்கும்வரை அதே வரியைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. இதைத்தான் நீங்கள் ரிஃப் என்று சொல்லி இங்கிலாந்திலிருந்து இறக்குமதி பண்ணுகிறீர்கள்.

கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல் வாத்தியம் அடிக்கிறவர்களைப் பாருங்கள். இரண்டு மகுடம், உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று, தோல் தளர்ந்தால் தீயில் காட்டி ஏற்றிக்கொள்வார்கள். டியூனர் வேண்டாம்.

உங்கள் பாடகர் கதை தனி என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டீர்களே, அவர் எந்தப் பக்கம்?

குழித்துறை_கோல்:

கொடைக்காரன் அண்ணே, எங்கள் பேண்டில் வில்லுப்பாட்டுக்காரர் யாரும் இல்லை, அதுதான் நிஜம். இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியாது. அந்தக் கலையில் இருக்கிறவர்கள் பிள்ளைகளை கிட்டார் பக்கம் விடவில்லையா, பிள்ளைகள் பி.இ. படிக்கப் போய்விட்டார்களா, நீங்கதான் சொல்ல வேண்டும்.

கொடைக்காரன்:

இரண்டாவது.

தக்கலைத்_தொண்டை:

நான்தான் அந்தப் பாடகர். பேஸ்காரன் என்னைப் பற்றி எழுதினால் கூட்டிக் குறைத்து எழுதுவான், நானே சொல்லிவிடுகிறேன்.

யாரிடமும் போய்ப் பாட்டுப் படிக்கவில்லை. எங்கள் ஊரில் சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் தர்கா. அவருடைய ஆண்டுவிழாவில் ராத்திரி முழுக்க அவர் எழுதின ஞானப்புகழ்ச்சி பாடுவார்கள். நூற்றுக்கணக்கான பாட்டு, ஊரே உட்கார்ந்து பாடும். சின்ன வயதில் வாப்பா மடியில் உட்கார்ந்து கேட்டது, அப்புறம் கூடச் சேர்ந்து பாடினது. அங்கே யாரும் தன் குரல் தனியாகத் தெரிய வேண்டும் என்று பாடுவதில்லை. நீளமான அடியில் மூச்சு முட்டினால் விட்டுவிட்டு மூச்சு வாங்கலாம், பக்கத்தில் இருக்கிறவர் பாடிக்கொண்டிருப்பார், வரி அறுந்துபோகாது. ஆனால் எனக்கு விட மனசு வராது, முழு அடியையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்ப்பேன். அந்த வீம்பில் வந்த மூச்சுதான் இப்போது மேடையில் உதவுகிறது. மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுபோகிற பழக்கமும் அங்கே வந்ததுதான். சவுண்டு பண்ணுகிறவர்கள் என்னை "கொஞ்சம் தள்ளி நின்னு பாடு" என்று கெஞ்சுவார்கள்.

ராக் எப்படி வந்தது என்றால் மாமா வளைகுடாவில் இருந்தார். ஊருக்கு வரும்போது டேப் ரெக்கார்டர், கூடவே ஒரு பை நிறைய கேசட். பெரும்பாலும் மாப்பிள்ளைப் பாட்டும் சினிமாவும். இடையில் அவர் ரூமில் கூட இருந்த ஃபிலிப்பைன்ஸ்காரர் கொடுத்த கேசட்டுகள். அதில் ஒருத்தன் கத்துவதைக் கேட்டபோது எனக்கு அந்நியமாகவே படவில்லை. அடித்தொண்டையிலிருந்து வருகிற சத்தம், இதைத்தானே தினமும் கேட்கிறோம் என்று இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தர்காவில் பாடுவது வணக்கம், மேடையில் பாடுவது வேறு. அந்தப் பாட்டை எடுத்து டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கின கிட்டாரோடு பாடு என்று ஒரு தடவை கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். எடுத்துக்கொண்டது மூச்சை மட்டும்.

கேபிள்_சுருட்டி:

மைக் செட்காரன் பேசுகிறேன். நீங்கள் எல்லாரும் இசை எங்கிருந்து வந்தது என்று சண்டை போடுகிறீர்கள், ஜாமான் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒரு டிரம் செட்டுக்கு ஒழுங்காக மைக் வைக்க வேண்டும் என்றால் கிக், ஸ்னேர், ஹைஹாட், இரண்டு மூன்று டாம், மேலே இரண்டு, எட்டு மைக் ஆயிற்று. நம்ம ஊர்த் திருவிழா மிக்சரில் பன்னிரண்டு சானல் இருந்தாலே பெரிய விஷயம். அதனால்தான் மெல்லிசைக் குழுக்கள் எல்லாம் டிரம்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆக்டோபேடுக்கு மாறினார்கள். ரோலண்ட் கம்பெனியின், தட்டுகிற பேடு எட்டு வைத்த எலக்ட்ரானிக் பெட்டி, இரண்டு வயர், ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போகலாம். ஒரே ஆள் தபேலா, டோலக், டிரம்ஸ் எல்லாம் தட்டுவான். விளைவு என்ன? காலால் கிக் அடிக்கத் தெரிந்தவர்களே குறைந்துபோனார்கள். உங்கள் டிரம்மர் மட்டும் கால் பழகக் கஷ்டப்பட்டதாக நினைக்காதீர்கள், ஆக்டோபேடிலிருந்து டிரம்ஸுக்கு வருகிற எல்லாரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இப்போது கேளுங்கள், நிஜ டிரம் செட் வாரம் முழுக்க விரித்து வைத்திருக்கிற இடம் இந்த மாவட்டத்தில் எது? சர்ச். ஆராதனை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பையன்கள் தட்டிப் பழகலாம், பக்கத்து வீட்டுக்காரன் வந்து சத்தம் போட மாட்டான். பேஸ் ஆம்பும் அங்கேதான். சோல்பா சார் சொல்கிற நான்கு குரல் எல்லாம் சரிதான், ஆனால் பையன்கள் அங்கே ஒட்டிக்கொண்டது ஜாமானுக்காக. கல்லூரியிலும் செட் உண்டு, கல்ச்சுரல்ஸ் முடிந்தால் பூட்டிவிடுவார்கள்.

ராத்திரி விஷயமும் உண்டு. முன்பு திருவிழாவில் கச்சேரி பதினொரு மணிக்குத் தொடங்கும். 2000இல் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் சில நாட்களுக்கு அரசு அனுமதித்தால் நள்ளிரவு வரை போகலாம். புதுப் பையன்களுக்கு முன்னாடி நடுவில் இரண்டு பாட்டு வாசிக்க இடம் கிடைக்கும், ராத்திரி நீளமாக இருந்தது. இப்போது பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்றால் எவன் கற்றுக்குட்டியை மேடையேற்றுவான்?

சோல்பா:

ஜாமான் சர்ச்சில் இருக்கிறது என்று நீயே சொல்கிறாய், அதைச் சபை ஏன் வாங்கினது? பாட்டு இருந்ததால்தானே வாங்கினது.

இன்னொன்று, பேஸ் தம்பிக்குத் தெரியும், நீங்கள் அடிக்கிற பவர் கார்டில் இருப்பது டோவும் ஸோவும் மட்டும். நடுவில் மி கிடையாது. அதனால் அது மேஜரும் இல்லை மைனரும் இல்லை. எங்கள் ஆல்ட்டோக்காரர்கள் பெரும்பாலும் அந்த மி-யைத்தான் சுமப்பார்கள். ஒரு சுரத்தை எடுத்தெறிந்துவிட்டு நீங்கள் இவ்வளவு சத்தம் போடுகிறீர்கள்!

முட்டத்து_பேஸ்:

சார், டிஸ்டார்ஷனில் மி-யையும் சேர்த்து அடித்துப் பாருங்கள், சேறாகிவிடும். அதற்காகத்தான் எடுத்தது. கர்நாடக சங்கீதத்தில் தம்புராவும் பெரும்பாலும் ச-வும் ப-வும் மட்டும்தானே, யாரும் குறை சொன்னதில்லை.

ஆல்ட்டோ_வரிசை:

நாங்கள் சுமக்கிறோம் என்று சோல்பா சார் சொன்னதால் உள்ளே வருகிறேன். இவ்வளவு நேரமாகப் படிக்கிறேன், தாத்தா, ஆசான், மாமா, வாப்பா, மாஸ்டர் என்று எல்லாரும் ஆண்கள். எந்த சபைப் பாடகர் குழுவை எடுத்தாலும் பாதிக்கு மேல் பெண்கள். நோட்டுப் பார்த்துப் பாடத் தெரிந்தவர்களை எண்ணினால் இன்னும் அதிகம் பெண்கள். கீபோர்டு கிளாசுக்கு அனுப்புவதும் முதலில் பெண் பிள்ளைகளைத்தான். அப்படியென்றால் பேண்டுகளில் ஏன் ஒரு பெண்ணும் இல்லை?

பதிலும் எனக்கே தெரியும், எழுதிவிடுகிறேன். உங்கள் ஒத்திகை தொடங்குவதே ராத்திரி எட்டு மணிக்கு. கருங்கலுக்குக் கடைசி பஸ் எப்போது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? டிசம்பரில் கேரல் ரவுண்டுக்கு விடியவிடிய வீடு வீடாகப் போகலாம், சபையோர் கூட வருவார்கள், வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதே பெண் நாலு பையன்களோடு ஒரு ஷட்டர் போட்ட கடைக்குள் பாடினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரே பேசும். இசைப் பின்னணி என்று எழுதும்போது இதையும் பின்னணியில் சேருங்கள்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்ட்டோ பாடுகிறவளுக்கு மெட்டு கிடையாது. மெட்டு சொப்ரானோவுக்கு. நாங்கள் நடுவில் பெரிதாக அசையாத ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மேலே கீழே இழுக்கிற இரண்டு பேருக்கும் நடுவில் சுருதி நழுவாமல் நிற்க வேண்டும். ராக் பாட்டில் கோரஸுக்குப் பின்குரல் கொடுக்க இதைவிட நல்ல பயிற்சி எது? உங்கள் வீடியோ ஒன்று பார்த்தேன், பின்குரல் என்ற பேரில் கிட்டாரிஸ்ட்டும் பேஸும் பாடகர் பாடுகிறதையே கூடச் சேர்ந்து கத்துகிறீர்கள். அதற்குப் பேர் ஹார்மனி இல்லை.

குழித்துறை_கோல்:

கொள்ளாம்! அக்கா சொன்னது எனக்கு ரொம்ப நாளாகப் பின்னாடியிருந்து கேட்கிறது, சொன்னால் டிரம்மருக்கு என்ன தெரியும் என்பார்கள்.

தக்கலைத்_தொண்டை:

நான் பாடுவதையே இரண்டு பேர் கூடக் கத்துவதால்தான் நான் இன்னும் சத்தமாகப் பாட வேண்டியிருக்கிறது. அக்கா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

வெளியூர்_காது:

கேட்கலாமா வேண்டாமா தெரியவில்லை, சுசீந்திரத்தில் இசைத்தூண் இருக்கிறதே, அதைத் தட்டி சாம்பிள் எடுத்து யாராவது பாட்டில் போட்டிருக்கிறீர்களா?

கேபிள்_சுருட்டி:

வருஷத்துக்கு ஒருத்தர் கேட்பார், இந்த வருஷம் நீங்கள். ஒரே கல்லில் செதுக்கின தூண் கொத்து, பல நூற்றாண்டாக நிற்கிறது, ஆளாளுக்குத் தட்டித் தேய்ந்தது போதும். சும்மா பார்த்துவிட்டு வாருங்கள்.

முட்டத்து_பேஸ்:

அறிவிப்புக்கு எழுதியதைப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"கிட்டார்: சபைப் பாடகர் குழு, அப்புறம் கிளாசிக்கல் கிட்டார் தேர்வுகள். பேஸ்: கடற்கரைப் பங்கின் கீபோர்டில் இடது கை. டிரம்ஸ்: சிங்காரி மேளம். கீபோர்டு: மெல்லிசைக் குழு, இப்போதும். பாட்டு: தக்கலை."

பாடகருக்கு ஊர் பேர் மட்டும் போதும் என்று அவரே சொன்னார். அறிவிப்பாளர் பையன் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல உணர்ச்சியே இல்லையே" என்கிறான். உணர்ச்சியைப் பாட்டில் வைத்திருக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆல்ட்டோ அக்கா, ஒத்திகையை ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றுகிறோம். எல்லாரிடமும் பேசிவிட்டேன், கீபோர்டு அண்ணனுக்கு மட்டும் கல்யாண சீசனில் இடிக்கும், அவர் சமாளித்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஷட்டர் போட்ட கடை இல்லை, பள்ளிக்கூடத்து ஹால், கதவு திறந்தே இருக்கும். உங்கள் தங்கையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் பின்குரலுக்கு வந்து பாருங்கள், பிடித்தால் மேற்கொண்டு பேசலாம்.

குழித்துறை_கோல்:

எடே, டிரம்ஸ்: சிங்காரி மேளம் என்று மொட்டையாக விட்டுவிட்டாய். ஆசானிடம் கல்லில் படித்தது என்று சேர்.

ஆல்ட்டோ_வரிசை:

வருகிறேன். பின்குரலை நீங்கள் சொல்லித்தர வேண்டாம், நானே எழுதிக்கொண்டு வருகிறேன். பாட்டு எந்தச் சுருதி?

தக்கலைத்_தொண்டை:

இ மைனர். கீபோர்டு அண்ணன் பட்டனைத் தொடாமல் இருந்தால்.

கேபிள்_சுருட்டி:

இரண்டு மணி என்றால் மைக் ஸ்டாண்ட் இன்னொன்று வேண்டுமே. என்னிடம் ஒன்று இருக்கிறது, கிளிப் உடைந்தது, டேப் சுற்றித் தருகிறேன். கடையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், போன தடவை கொண்டுபோன வயரையும் அப்படியே கொண்டு வந்துவிடுங்கள்.

முட்டத்து_பேஸ்:

எந்த வயர்?

கேபிள்_சுருட்டி:

மக்களே, விளையாடாதே.